வில்லுக்கு எவ்வளவு?

பாட்டுக்குக் காசு கொடுக்கிற வழக்கம் தமிழனுக்குக் கிடையாது என்று ஒரு பேச்சு நடமாடுகிறது. கேசட் போட்டு நொடித்துப் போனவர்கள் சொல்கிறார்கள். சினிமாக்காரர்கள் சொல்கிறார்கள். செல்போனில் மாதச் சந்தாவுக்குப் பாட்டு விற்க வந்திருக்கும் கம்பெனிக்காரர்களும் அலுத்துக்கொள்கிறார்கள். இவர்களில் ஒருவர்கூட நாஞ்சில் நாட்டுக் கொடை ஒன்றில் ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுந்ததில்லை என்றே தோன்றுகிறது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் எந்த ஊரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒரு முத்தாரம்மன் இருப்பாள், இசக்கி இருப்பாள், சுடலைமாடன் இருப்பான். அவர்களுக்குக் கொடை கழிப்பது என்று நாள் குறித்துவிட்டால் முதல் காரியம் ஊர்க்கூட்டம். இரண்டாவது காரியம் வரி. தலைக்கட்டுக்கு இத்தனை ரூபாய் என்று முடிவாகும். தலைக்கட்டு என்றால் கல்யாணமாகித் தனி அடுப்பு மூட்டிய குடும்பம். கொத்தனாருக்கும் அதே வரி, கோர்ட்டுக்குப் போகும் வக்கீலுக்கும் அதே வரி. ரசீதுக் கட்டும் நோட்டுப் புத்தகமுமாக இரண்டு பேர் வீடு வீடாகப் படியேறுவார்கள். "மயினி, அண்ணன் இருக்காரா? கொடை வரிக்கு வந்திருக்கோம்." அண்ணன் இல்லாவிட்டாலும் மயினி அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துத் தருவாள்.

அந்தப் பணத்தில் பந்தல் உண்டு, பூ உண்டு, கிடாய் உண்டு, பொங்கலுக்கு அரிசி உண்டு. கணிசமான ஒரு பங்கு மேளத்துக்கும் வில்லுக்கும். வில்லுப்பாட்டு என்று பாடப்புத்தகத்தில் எழுதுவார்கள். எங்கள் ஊரில் வில்லடிச்சாம்பாட்டு. மணி கோத்த பெரிய வில்லை மண்குடத்தின் மேல் சாய்த்துக் கட்டி, வீசுகோலால் நாணை அடித்து, உடுக்கை, குடம், தாளம், கட்டை எல்லாம் சேர்ந்து கொள்ள, நீலி கதையோ முத்துப்பட்டன் கதையோ விடிய விடியப் போகும். பெண்கள் தலைமையேற்றுப் பாடும் குழுக்களும் குமரி மாவட்டத்தில் உண்டு. இடையில் ஒரு சுக்காப்பி. அவ்வளவுதான் ஓய்வு.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வரி கொடுக்காதவனுக்கும் பாட்டுக் கேட்கும். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ரசீது பார்த்துப் பாடுவதில்லை. கொடுக்காதவன் வீட்டு ஜன்னலைச் சுற்றிக்கொண்டு போகவும் அதற்குத் தெரியாது. ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள்? சாமி கண்ணைக் குத்தும் என்கிற பயம் கொஞ்சம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிற கூச்சம் கொஞ்சம். அதற்கும் மேலே, தான் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் வில் வராது என்கிற கணக்கு. பெயரைப் பாருங்கள், கொடை. கொடுப்பது. ஆனால் வசூலாவதோ வரியாக. மனமுவந்தும் கொடுக்க வேண்டும், தவறாமலும் கொடுக்க வேண்டும் என்பதை ஒரே சடங்குக்குள் வைத்துக் கட்டியவர்கள் பொருளாதாரம் படித்தவர்கள் அல்ல.

ஆக, சந்தா நமக்குப் புதிதில்லை. வானொலிக்கும் சந்தா உண்டு என்பது நடுவயது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் வருஷா வருஷம் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்டிச் சின்னப் புத்தகத்தில் பதிந்து வாங்க வேண்டும். 1980களில்தான் அது ரத்தானது. திருநெல்வேலி வானொலியில் கேட்ட நாகஸ்வரத்துக்கு நம் அப்பன்மார் காசு கட்டித்தான் கேட்டார்கள்.

பழக்கம் விட்டுப்போனது அதற்குப் பிறகுதான். கேசட் வந்தது. நாகர்கோவிலில் வடசேரியிலும் மீனாட்சிபுரத்திலும் மணிமேடைப் பக்கத்திலும் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். பிறகு எம்பி3 சிடி வந்தது. ஒரே தட்டில் நூறு பாட்டு, நூற்றைம்பது பாட்டு, நடைபாதையில் விற்றார்கள். பிறகு செல்போன் கடையில் மெமரி கார்டை நீட்டினால் பத்து இருபது ரூபாய்க்கு அது நிறையுமட்டும் ஏற்றித் தந்தார்கள். இந்த மூன்று காலத்திலும் ஜனங்கள் காசு கொடுக்காமல் இல்லை. கொடுத்தார்கள். பதிந்தவனுக்குப் போனது, தட்டு விற்றவனுக்குப் போனது, கார்டு ஏற்றியவனுக்குப் போனது. பாடியவனுக்குப் போகவில்லை, மெட்டுப் போட்டவனுக்கும் எழுதியவனுக்கும் போகவில்லை. அப்புறம் காசே தேவையில்லை என்கிற இன்றைய நிலை.

திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகன் ஒருவன் உண்டு எனக்கு. தங்கமான பையன். சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பஸ்ஸில் கண்டக்டர் கூடுதலாகக் கொடுத்துவிட்ட சில்லறையைத் திருப்பிக் கொடுப்பவன். ஒருநாள் பேச்சு பாட்டைப் பற்றி வந்தது.

"மாசம் நூறோ நூத்தம்பதோ கெட்டினா எல்லாப் பாட்டும் முறைப்படி கேக்கலாமே மக்கா, கெட்டப்பிடாதா?" என்றேன்.

"என்னத்துக்கு மாமா கெட்டணும்? எல்லாம் சும்மா கெடக்கு. ஒரு தட்டு தட்டினா படம் முழுக்க எறங்கிரும்."

"சும்மா கெடந்தா எடுத்துக்கிடலாமா? அடுத்தவன் விளையிலே தேங்கா சும்மா விழுந்து கெடக்கு. எடுப்பியா?"

"அது வேற, இது வேற. தேங்காயை நான் எடுத்தா அவருக்குத் தேங்கா இல்லே. பாட்டை நான் எடுத்தா பாட்டு அங்கேயேதான் இருக்கு. யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு, சொல்லுங்கோ?"

கொள்ளாம். நியாயமான கேள்விதான். திருடன், திருடன் என்று கூச்சல் போட்டு இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. திருட்டு என்ற சொல்லுக்குள்ளே ஒருவனிடம் இருந்தது இல்லாமல் போவது என்கிற பொருள் உண்டு. பாட்டு அப்படி இல்லாமல் போவதில்லை. குத்துவிளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றிக்கொள்வதைப் போல. முதல் விளக்கின் சுடர் குறைவதில்லை.

ஆனால் முதல் விளக்குக்கு எண்ணெய் யார் ஊற்றுவது? அங்கேதான் இருக்கிறது விஷயம். ஒரு பாட்டு உண்டாவதற்கான செலவு முழுக்க நாம் கேட்பதற்கு முன்பே முடிந்து போகிறது. மெட்டமைத்தவரின் இருபது வருஷப் படிப்பு, பாடியவரின் விடியற்காலைச் சாதகம், வயலின் வாசித்தவரின் தேய்ந்த விரல் நுனி, ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகை எல்லாம் முன்னாலேயே கழிந்தாயிற்று. நான் ஒருவன் கேட்பதால் தனியாக ஒரு பைசா செலவு கூடுவதில்லை, கேட்காததால் குறைவதுமில்லை. கழிந்துபோன அந்தச் செலவைக் கேட்பவர்கள் எல்லோரும் சேர்ந்து பங்கு போட்டு அடைக்க வேண்டும். நம் பங்கு மிகச் சின்னது. கொடுக்காமல் விட்டால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது. கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் கொடுக்காமல் விடுகிறோம். ஊர் முழுக்க அப்படி நினைத்தால் வில் பரணில் ஏறிவிடும்.

கொடை வரியும் இதேதான். நான் ஒருவன் கொடுக்காவிட்டால் நீலி கதை பாதியில் நிற்காது. ஆனால் கொடுக்காமல் கேட்பவன், கொடுத்துவிட்டுக் கேட்பவர்களின் முதுகில் உட்கார்ந்து கேட்கிறான். அவன் எடுத்தது பாட்டை அல்ல, பக்கத்து வீட்டுக்காரனின் பங்கை. மருமகனிடம் அன்றைக்குச் சொன்னதும் இதுதான். "கொறஞ்சு போச்சான்னு பாட்டுக்காரரைப் பாத்துக் கேக்காதே. காசு கெட்டிக் கேக்குதானே உன் கூட்டாளி, அவனைப் பாத்துக் கேளு" என்றேன். சிரித்தான். சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாகாது.

கட்டுவதற்கு இன்று வழியா இல்லை? 2015ல் ஆப்பிள் மியூசிக் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 120 ரூபாய். 2019ல் ஸ்பாட்டிஃபை வந்தபோது 119. அதே வருஷம் வந்த யூடியூப் மியூசிக் 99. அன்றைக்கு அமெரிக்காக்காரன் இதே சமாச்சாரத்துக்குப் பத்து டாலருக்கு ஒரு காசு குறைவாக, நம் மதிப்பில் சுமார் 700 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தான். நம் ஊர் ஜியோசாவனும் கானாவும் உண்டு. கட்டணங்கள் அவ்வப்போது ஏறும், இறங்கும், சலுகை வரும், போகும். எப்படிப் பார்த்தாலும் ஒரு குடும்பம் ஓட்டலுக்குப் போய் நெய்ரோஸ்ட்டும் காப்பியும் சாப்பிட்டு வரும் செலவுக்குள் அடங்கும். ஒரே வீட்டில் இருக்கும் ஆறு பேர் வரைக்கும் கேட்கலாம் என்று குடும்பத் திட்டமும் வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்காரன் அறிந்தோ அறியாமலோ தலைக்கட்டுக் கணக்குக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறான்.

எனவே என் யோசனை நேரானது. கட்டுங்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டால், உங்களுக்கு வேண்டிய பாட்டு எதில் இருக்கிறதோ அது. பழைய நாகஸ்வரமும் கர்நாடக சங்கீதமும் கேட்பவர்கள் பணம் கட்டும் முன் தமக்குப் பிடித்த பத்துப் பெயர்களைத் தேடிப் பார்த்துக்கொள்வது நல்லது. இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி ரயிலில் போகும்போது காற்று வருமளவுக்கு சிக்னல் வருவதில்லை.

ஆனால் இறக்கி வைத்த பாட்டு உங்களுடையது என்று நினைத்துவிட வேண்டாம். அது குத்தகை நிலம். சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். கம்பெனி நின்றாலும் நின்றுவிடும். பாட்டை ஒவ்வொன்றாக விலைக்கே விற்ற ஃபிளிப்கார்ட்டின் ஃப்ளைட் 2012ல் தொடங்கி 2013ல் மூடப்பட்டது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் மூடிக்கொண்டது. ஏர்டெல்லின் விங்க் பத்து வருஷம் ஓடி 2024ல் மூடுவதாக அறிவித்தது. சினிமாப் பாட்டு இன்னொரு கடையில் கிடைத்துவிடும். ஆனால் உங்கள் ஆத்தா பாடிய தாலாட்டு, ஊர் அண்ணாவி பாடிய மாடன் கதை இதையெல்லாம் பத்திரப்படுத்தக் கம்பெனியை நம்பக் கூடாது.

சரி, கட்டிவிட்டோம். மனசாட்சி குளிர்ந்துவிட்டதா? அங்கேதான் கொடை வரிக்கும் மாதச் சந்தாவுக்கும் வேறுபாடு தொடங்குகிறது.

கொடையில் நான் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். கண் முன்னால் உட்கார்ந்து பாடுகிறார், அவருக்குப் போயிற்று. மாதச் சந்தா அப்படிப் போவதில்லை. வசூலாகும் எல்லாப் பணமும் ஒரு பெரிய குளத்தில் போய் விழுகிறது. கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குக் கொடுப்பதாக ஸ்பாட்டிஃபை சொல்கிறது. உரிமையாளர் என்றால் பாடகர் என்று எண்ணிவிடாதீர்கள், பெரும்பாலும் இசை வெளியீட்டுக் கம்பெனிகள். நாட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்ட மொத்தத்தில் எந்தப் பாட்டு எவ்வளவு விழுக்காடோ, அந்த விழுக்காட்டில் குளத்து நீர் பாயும்.

இதன் அர்த்தம் என்ன? நான் மாதம் முழுக்க ஒரே ஒரு வில்லுப்பாட்டுக் குழுவின் கதையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று வையுங்கள். வேறு ஒரு பாட்டும் தொடவில்லை. என் நூறு சொச்சம் ரூபாய் அவர்களுக்குப் போகாது. நாட்டில் அதிகம் பேர் கேட்ட பாட்டு எதுவோ, நான் ஒரு முறைகூடக் கேட்காத அதற்குத்தான் அதில் பெரும்பகுதி போகும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராத கதை. தலைமடைக்காரன் வாய்க்காலை அடைத்துவிட்டான் என்று சண்டைக்குப் போகவும் வழியில்லை. கணக்கு முறையே அப்படி. போதாக்குறைக்கு 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டின் ஒலிப்பதிவுக்கு ஒன்றும் கிடையாது என்று ஸ்பாட்டிஃபை விதி செய்தது. ஆயிரம் சிறிய எண்தான். ஆனால் ஒரு கிராமத்துக் கலைஞனுக்கு அது பெரிய எண்.

கேட்பவர் கட்டிய பணம் அவர் கேட்டவருக்கே போகட்டும் என்று வேறு முறையும் உலகத்தில் இல்லாமலில்லை. சவுண்ட்கிளவுட் என்கிற நிறுவனம் 2021ல் அப்படி ஒன்றைத் தொடங்கியது. முடியாத காரியமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

நாஞ்சில் நாட்டில் இன்னொரு சந்தாவும் இருந்தது. அதைச் சொல்லாமல் கொடை வரியை மட்டும் மெச்சுவது அழகல்ல. எங்கள் வயல்களில் இரண்டு பூ, கன்னிப்பூவும் கும்பப்பூவும். அறுத்துக் களத்தில் நெல் குவிந்ததும் நாவிதர், வண்ணார், தச்சர், கொல்லர் எல்லோரும் வந்து ஓரமாக நிற்பார்கள். வருஷம் முழுக்கச் செய்த வேலைக்கு நெல் அளந்து கொடுப்பார்கள். எத்தனை முறை முகம் வழித்தார், எத்தனை மூட்டை அழுக்கு வெளுத்தார் என்ற கணக்குக் கிடையாது. கொடுப்பவனுக்கு அதைப் போல மலிவான ஏற்பாடு உலகத்தில் இல்லை. ஆனால் மரக்கால் யார் கையில் இருந்தது? போதாது என்று சொல்ல நின்றவர்களுக்கு வாய் இருந்ததா? வேறு வீட்டு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லச் சாதி விட்டதா? தலைக்கட்டு வரியேகூட, ஊருக்கு வேண்டாதவன் வீட்டில் வரி வாங்காமல் விட்டு அவனை ஒதுக்கி வைக்கும் ஆயுதமாகவும் இருந்ததுண்டு. பழசெல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை.

அந்தக் களத்திலிருந்து படிக்க வேண்டியது ஒன்றுதான். ஒரு பொருள் நமக்குக் கொள்ளை மலிவாகக் கிடைத்தால், மரக்கால் யார் கையில் இருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும். மலிவின் சுமையை யாராவது ஒருவர் எங்காவது சுமந்துகொண்டுதான் இருப்பார்.

பாட்டுக்காரன் வீட்டுக்குக் காசு போகிற வாய்க்கால் நம் நாட்டில் நெடுங்காலம் தூர்ந்து கிடந்தது. பாரதி 1921ல் செத்துப்போனார். அவர் பாட்டைச் சினிமாவிலும் இசைத்தட்டிலும் போடும் உரிமை கைமாறிக் கைமாறி ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948ல் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது தகராறு வந்தது. பாரதி தமிழர் எல்லோருக்கும் பொது என்று நாடெங்கும் குரல் எழுந்து, 1949ல் சென்னை மாகாண அரசு அந்த உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியாரும் விட்டுக்கொடுத்தார். நல்ல முடிவு. ஆனால் பாட்டு எழுதியவர் வறுமையில் வாழ்ந்து போன பிறகுதான் அந்தப் பாட்டு சொத்தாகிக் கைமாறியது என்பதையும் மறக்கலாகாது.

1977ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. படத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டு மெட்டுப் போட்டால், பாட்டு எழுதினால், உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பாயிற்று. அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிறவனுக்குச் சட்டத்தில் ஓர் உரிமையும் இல்லாமலிருப்பது இந்த மண்ணின் மரபுக்கே பொருந்தாதது, நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்ற பொருளில். பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்றைச் சட்டம் கொடுத்தது 1994ல். பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், திரையரங்கத்துக்கு வெளியே பாட்டு சம்பாதிப்பதில் அவர்களுக்குச் சரிபாதி உண்டு என்று ஆனது 2012ல். ஒவ்வொரு படியும் ஏறப் பதினேழு பதினெட்டு வருஷம்.

2017ல் இளையராஜா, எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார் என்றதும் நாம் போட்ட கூச்சல் நினைவிருக்கிறதா? சிநேகிதர்களுக்குள்ளே கணக்கா, சங்கீதத்தில் காசு பேசலாமா என்றெல்லாம் விசனப்பட்டோம். யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். பாட்டில் கணக்குக் கேட்பதே அசிங்கம் என்கிற நம் மனசுதான் கவனிக்க வேண்டியது. ரப்பர்த் தோட்டத்தில் கணக்குக் கேட்கலாம், மீன் ஏலத்தில் கணக்குக் கேட்கலாம், பாட்டில் மட்டும் கேட்கலாகாது. இந்த மரியாதையால் லாபம் அடைந்தவர் யார் என்றால், பாட்டுக்காரர் அல்ல.

இப்போது ஊர்க்கொடைகளில் வேறொன்று நடக்கிறது. வில்லடி தொடங்கியதும் நாலு பேர் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். மறுநாள் முழுக் கதையும் யூடியூபில். பாடியவர் பெயர்கூட இல்லாமல், கோவில் பெயரும் கொடை நாளும் மட்டும் போட்டு. லட்சம் பேர் பார்த்தால் விளம்பரக் காசு ஏற்றியவன் கணக்குக்கு. நீலி கதைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அது ஊர்ச்சொத்து. ஆனால் அன்றைய ராத்திரி அந்தத் தொண்டையிலிருந்து வந்த பாட்டு அந்தத் தொண்டைக்காரருடையது. 1994ன் சட்டம் சொல்வதும் அதுதான். கேட்டுக்கொண்டு எடுக்கலாம். பெயர் போடலாம். வந்ததில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கை தேய்ந்துவிடாது.

கட்டியும் பெரிய காசு கலைஞனுக்குப் போகாது என்றால் எதற்குக் கட்ட வேண்டும், திருட்டுப் பாட்டே தேவலாமே என்று மருமகன் கேட்பான். கேட்கவும் செய்தான். "கம்பெனிக்காரன் திங்கதுக்கு நான் ஏன் மாமா கொடுக்கணும்?" வாதம் சாமர்த்தியமானது. அநியாயத்தைக் காரணம் காட்டி அதைவிடப் பெரிய அநியாயத்தைச் செய்ய வழி கேட்பது. கூலி குறைவாகக் கொடுக்கிற முதலாளி கடையில் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடினால், வேலைக்காரனுக்குக் கூலி கூடிவிடாது. இருந்ததும் போகும்.

இன்னொன்றும் உண்டு. அதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. கொடை முடிந்த மறுவாரம் ஊர்க்கூட்டம் மறுபடி கூடும். வரவு செலவு வாசிப்பார்கள். வரி இவ்வளவு, நன்கொடை இவ்வளவு. பந்தலுக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு, மைக் செட்டுக்கு இவ்வளவு. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம் வரும். "வில்லுக்கு எவ்வளவு வே கொடுத்தியோ? விடிய விடியப் பாடினவ, பந்தக்காரனைவிடக் குறைச்சலாட்டுல்லா தெரியுது?" நாலு பேர் ஆமாம் போடுவார்கள். அடுத்த வருஷம் வில்லுக்குத் தொகை கூடும். அப்படிக் கூடியதை எத்தனையோ ஊரில் பார்க்கலாம்.

அந்தச் சத்தத்தைப் போடுகிறவன் எவன்? வரி கொடுத்தவன். கொடுக்காதவன் கூட்டத்துக்கே வரமாட்டான். வந்தாலும் வாய் திறக்கமாட்டான். திறந்தால், "உனக்கு என்னலே பேச்சு, உன் வரி எங்கே?" என்று கேட்டு அமர்த்திவிடுவார்கள்.

சந்தா கட்டுவதால் நாம் புண்ணியவான்களாகிவிடுவதில்லை. கலைஞர்களுக்கு விமோசனமும் வந்துவிடுவதில்லை. கூட்டத்தில் உட்கார ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். என் பணம் நான் கேட்டவருக்கே போகும்படி ஏன் முறை செய்யக் கூடாது என்று கம்பெனிக்கு எழுதலாம். ஆயிரம் முறை என்ற வரம்பு எதற்கு என்று கேட்கலாம். எழுதியவர் பெயர், மெட்டமைத்தவர் பெயர், தவில் வாசித்தவர் பெயர் போடாத பாட்டுக்கு நேரே புகார் போடலாம். நம் ஒருவர் கடிதத்தால் என்ன ஆகும் என்று சோம்பலாம்தான். நம் ஒருவர் வரியால் என்ன ஆகும் என்று நினைத்தவன் கதையை மேலே பார்த்தோம்.

மாதாமாதம் வரி கட்டிக்கொண்டிருக்கும் தலைக்கட்டுகள் இன்று நாட்டில் ஏராளமாக இருக்கும். கணக்கு மட்டும் இன்னும் வாசிக்கப்படவில்லை. பின்வரிசையிலிருந்து யாராவது சத்தம் கொடுங்கள்.